ஆறு சில்லு வண்டி

நம் வயதுக்காரர்கள் சந்தித்தால் இப்போது முழங்கால் வலியைப் பற்றித்தான் பேசுகிறோம். வயது அப்படியொன்றும் பெரிதல்ல. வெளியூர்களில் நம்மோடு ஒத்தவர்கள் காலையில் பூங்காவைச் சுற்றி ஓடுகிறார்களாம். நாம் ஓட வேண்டியதையெல்லாம் சிறு வயதிலேயே ஓடி முடித்துவிட்டோம் போலும். முதலில் கடலுக்கு முன்னால் ஓடினோம், பிறகு ஷெல்லுக்கு முன்னால் நடந்தோம், அதன் பிறகு வருஷக்கணக்கில் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறிக்குப் பின்னால் வரிசையில் நின்றோம். அவற்றையெல்லாம் எழுதவேண்டியவர்கள் எழுதிவிட்டார்கள். கிடைத்த புத்தகங்களை வாங்கி வாசித்து, வருஷ ஒழுங்கில் அலுமாரியில் அடுக்கி வைத்திருக்கிறேன். எந்தப் புத்தகத்திலும் எங்கள் வீட்டு வண்டி வரவில்லை. வருவதற்கு நியாயமும் இல்லை. அது ஆறு சில்லு வைத்த ஒரு விளையாட்டுச் சாமான். ஆனால் அந்த வருஷங்களை நான் அதை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

அலை வந்தது 2004 மார்கழியில். வண்டி வந்தது மறு வருஷம். மாசியில் என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். பங்குனி என்கிறாள் அக்கா. பெட்டியைப் பார்த்தால் பள்ளிக்கூடத் தவணைச் சோதனை கெட்டுப்போகும் என்று அம்மா அதை நிவாரண அரிசி மூட்டைக்குக் கீழே ஒளித்து வைத்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தவணைச் சோதனை பங்குனியில்தான் வரும். ஆகவே பங்குனி என்றே வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் ஊரான மாங்கேணியில் அப்போது எல்லோரும் தகரக் கொட்டிலில் இருந்தோம். வெள்ளைக்காரர்கள் சிலர் ஒரு வான் வண்டியில் வந்து, பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஒரு பெட்டி என்று கொடுத்தார்கள். எங்களுக்காக வரிசையில் நின்றவர் மாமா, அம்மாவின் தம்பி. பெரிய பெட்டியாகப் பார்த்து எடுத்து வந்தார். பிரித்தால் மேலே ஒரு பையனின் படம். எங்கள் வீட்டில் அக்காவும் நானும்தான், இரண்டும் பெண். மாற்றிக்கொண்டு வரச் சொல்லி அம்மா அவரைத் திருப்பி அனுப்பினாள். வான் போய்விட்டிருந்தது.

பெட்டிக்குள் துளை துளையாகப் போட்ட தகட்டுத் துண்டுகள், ஆறு ரப்பர்ச் சில்லுகள், மஞ்சள் நிறத்தில் இரண்டு மோட்டார், பொட்டலம் பொட்டலமாக ஆணி, ஒரு நீண்ட வயர், அதன் நுனியில் கையில் பிடிக்கும் கறுப்புப் பெட்டி. அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் நாலு பட்டரி போடவேண்டும். மேலே இரண்டு விசை. இடது விசை இடப்பக்கச் சில்லுகளை ஓட்டும், வலது விசை வலப்பக்கத்தை. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் நேரே போகும். ஒன்றை மட்டும் அழுத்தினால் திரும்பும். துண்டுகளைச் சேர்த்துப் பூட்டும் முறையை விளக்கிய புத்தகம் ஆங்கிலமும் இல்லை. எழுத்துகளின் தலையில் இரண்டு புள்ளி வைத்த ஏதோ மொழி. படங்களைப் பார்த்துத்தான் பூட்டவேண்டியிருந்தது.

அக்காவுக்கு அப்போது பதினைந்து வயது. சோதனை முடிந்த மறுநாளே தொடங்கினாள். திருப்புளி கிடையாது. அப்பாவின் மீன் கத்தி நுனியால் ஆணி முடுக்கினாள். மதியத்தில் தகரக் கூரை கொதிக்கும். தகடுகள் சுடும். வியர்வை பட்ட ஆணிகள் விரலில் ஒட்டிக்கொண்டு வரும். ஆணிகளையும் அவற்றை இறுக்கும் சுரைகளையும் சிரட்டைகளில் பிரித்துப் போட்டு வைத்திருந்தோம். ஒரு நாள் கோழி வந்து ஒரு சுரையைக் கொத்தி விழுங்கிவிட்டது.

"அறுத்துப் பாப்பமாகா?" என்றாள் அம்மா. அலைக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"வேணாம்மா, கம்பியால கட்டிரன்" என்றாள் அக்கா.

இடப்பக்கத்தைப் பூட்டி முடித்த பிறகு, வலப்பக்கத்தையும் அதே போலப் பூட்டியிருக்கிறாள் என்று தெரிந்தது. கண்ணாடியில் தெரிவது போல மறுபக்கமாக அல்லவா வரவேண்டும்? மூன்று சில்லு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. எல்லாவற்றையும் கழற்றினாள். கழற்றும்போது அவள் எரிச்சல் படவில்லை. அந்த வருஷம் முழுக்க ஊரில் எல்லோரும் கழற்றிப் பூட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

முதலில் மணலில் ஓட்டினோம். சில்லு புதைந்து அங்கேயே சுற்றியது. சைக்கிள் டியூப்பை வெட்டி, முடிச்சு முடிச்சாகச் சில்லில் கட்டினாள். பிறகு புதையவில்லை. விசையை ஒரேயடியாக அழுத்தாமல் விட்டு விட்டு அழுத்தவேண்டும் என்றும் கண்டுபிடித்தாள். களப்பின், அந்த உப்பு ஏரியின், ஓரத்துக் காய்ந்த சேற்றில் வண்டி நன்றாக ஓடியது. நண்டுகள் வளைக்குள் ஓடும். மோட்டார் கறகறவென்று சத்தம் போடும். வயரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பது என் வேலை.

தோணியில் இருந்து இறங்கி வந்த அப்பா நின்று பார்த்தார்.

"இது எங்க போற வண்டி?"

"செவ்வாய்க்குப் போற வண்டியாம் அப்பா. படத்தில போட்டிரிக்கி" என்றாள் அக்கா.

"செவ்வாய்ச் சந்தைக்கா? அப்ப மீனையும் ஏத்தி விடு."

அந்தத் தோணியைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் வீடும் அதைச் சுற்றிய வளவும் பெண்பிள்ளைகளுக்கே போகும் என்பது உங்களுக்குத் தெரியும். கலியாணம் முடிக்கும் ஆண் உடுத்த உடுப்போடு மனைவியின் வளவுக்கு வருவான். மாங்கேணி வளவு அம்மாவுடையது, அம்மாவுக்குப் பிறகு அக்காவுடையது. அப்பாவுக்கு என்று இருந்தது தோணி மட்டும்தான். அவர் தன் கையால் பலகை இழைத்துச் செய்தது. கடலில் இல்லாமல் களப்பில் கிடந்ததால் அலையிலும் தப்பியிருந்தது. வீட்டைப் பற்றிக் கதைத்தால் அப்பா "அம்மாட்டக் கேள்" என்பார். தோணியைப் பற்றி மட்டும் "என்ர தோணி" என்று சொல்வார்.

2006 கடைசியில் மறுபடியும் ஷெல் விழத் தொடங்கியது. அப்பா தோணியைக் கரையேற்றி, கண்டல் மரங்களுக்குக் கீழே கவிழ்த்து, மேலே ஓலை போட்டு மூடினார். ஊரை விட்டுப் புறப்படும்போது அம்மா அரிசிப் பானைக்குள் வண்டியை வைத்து, அதன் மேல் எங்கள் சட்டைகளைத் திணித்தாள். வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னாள். பானை வெறுமையாகப் போகிறதே என்று அக்கா வாதாடி வென்றாள்.

வழியில் சோதனைச் சாவடியில் பானையைக் கவிழ்க்கச் சொன்னார்கள். வண்டி விழுந்தது. வயரும் மோட்டாரும் கறுப்புப் பெட்டியும். ஆமிக்காரன் ஒருவன் துவக்கைத் தோளில் இருந்து இறக்கினான். அம்மா என் கையைப் பிடித்த பிடி இன்றும் மணிக்கட்டில் இருக்கிறது.

"இது என்னா?"

"புள்ளையள்ர விளையாட்டுச் சாமான் ஐயா" என்றார் அப்பா.

"ஓட்டு."

அக்கா ஓட்டினாள். வண்டி தார் ரோட்டில் போய், அவனுடைய சப்பாத்துக் காலில் முட்டி, அதில் ஏறப் பார்த்துக் கவிழ்ந்தது. அவன் சிரித்துவிட்டான். சிங்களத்தில் மற்றவர்களைக் கூப்பிட்டான். நாலைந்து பேர் வந்து பார்த்தார்கள். அவனே குனிந்து நிமிர்த்தி வைத்தான். எங்களுக்குப் பின்னால் வரிசை காத்துக்கொண்டிருந்தது. எங்கள் மூட்டைகளை அவிழ்க்காமலே போகச் சொன்னார்கள்.

கொஞ்சத் தூரம் வந்ததும் அம்மா, "இந்தச் சனியனத் தூக்கி எறி" என்றாள்.

"எறியாத. எங்கள விட்டதே இதாலதான்" என்றார் அப்பா.

அன்றிலிருந்து அப்பாவுக்கு வண்டியின் மேல் ஒரு நம்பிக்கை. சும்மா சொல்கிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

குருக்கள்மடத்து அகதி முகாமில் கூடாரத்தில் இருந்த மாதங்களைப் பற்றி எழுத எனக்கு அலுப்பாக இருக்கிறது. நீங்களும் அங்கேதானே இருந்தீர்கள். கூடாரத் துணியின் மணம், மத்தியானத்தில் உள்ளே இருக்கவும் முடியாது, வெளியே நிற்கவும் நிழல் கிடையாது. பட்டரியை வெயிலில் காயவைத்து, பல்லால் கடித்து, இன்னும் ஒரு தரம் ஓட்டிப் பார்த்தோம். பிறகு அதுவும் நின்றது. மிதிவெடியைப் பற்றிச் சொல்ல வந்தவர்கள் பெரிய படங்களைத் தொங்கவிட்டுக் காட்டினார்கள். அவர்கள் கொடுக்கப்போகும் பிஸ்கட்டை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா படத்தைப் பார்த்தாள்.

2007 இல் கிழக்கில் சண்டை முடிந்துவிட்டது என்றார்கள். பஸ்ஸில் ஏற்றி மாங்கேணியில் இறக்கினார்கள். வளவில் பாதிதான் எங்களுக்குக் கிடைத்தது. வீடு இருந்த இடம், கிணறு, ரோட்டுப் பக்கம், இவ்வளவும் மிதிவெடி எடுத்துச் சுத்தம் செய்தாகிவிட்டது. அதற்கு அங்கால் களப்பு வரைக்கும் சிவப்பு நாடா கட்டி, மண்டையோடு போட்ட பலகை நட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் எப்போது வருவீர்கள் என்று வெடி எடுப்பவர்களிடம் அப்பா கேட்டார். பள்ளிக்கூடம், ரோட்டு, ஆஸ்பத்திரி எல்லாம் முடியவேண்டும், களப்பு ஓரம் கடைசி என்றார்கள்.

தோணி அங்கேதான் கிடந்தது. ஓலை பறந்துபோய், கண்டல் மரத்தடியில் அதன் கறுத்த முதுகு குசினி அடுப்படியில் இருந்து பார்த்தாலே தெரியும். தூரம் பள்ளிக்கூட மைதானத்தின் நீளம்கூட இருக்காது. விடிந்தால் அப்பா பல் விளக்கிக்கொண்டே நாடா அருகில் போய் நிற்பார். வாய் கொப்பளித்துத் துப்புவதை மட்டும் அந்தப் பக்கம் துப்புவார்.

யோசனை மாமாவுடையது. அவர் கெட்டவர் அல்ல, சும்மா இருக்கத் தெரியாதவர். ஒரு நாள் காலையில் நாலு புதுப் பட்டரியும், கோயிலில் ஒலிபெருக்கி கட்டுகிறவரிடம் இரவல் வாங்கிய ஒரு வளையம் வயரும் கொண்டு வந்து இறக்கினார்.

"மச்சான், புள்ளையள்ர வண்டிய உள்ளுக்கு விடுவம். தோணி வரைக்கும் போய்ட்டு அதே தடத்தால திரும்பி வரட்டும். வெடிக்காட்டி, அந்தத் தடத்தில கால வெச்சு நீ போ."

அப்பா வண்டியை எடுத்து வரும்படி என்னிடம் கண்ணைக் காட்டினார்.

"அது பாரம் காணாது மாமா" என்றாள் அக்கா. "ஆள்ர கால் பாரம் வேணும் அது வெடிக்க. எலி ஓடினா வெடிக்குமா?"

"அப்ப கல்ல ஏத்து."

கல்லை ஏற்றினார்கள். முதலில் அரைச் செங்கல். வண்டி அசையவில்லை. அதை உடைத்துப் பாதியாக்கினார்கள். சில்லு மணலில் புதைந்து சுற்றியது. இன்னும் உடைத்தார்கள். கடைசியில் ஒரு சவர்க்காரக் கட்டி அளவு துண்டை வைத்தபோது வண்டி நகர்ந்தது. "இந்தா, போகுது!" என்று மாமா கை தட்டினார். வெடிக்குத் தேவையான பாரம் என்னவென்று தொடங்கி, வண்டி எவ்வளவு சுமக்கும் என்பதில் முடித்திருந்தோம். பெரியவர்கள் இருவருக்கும் அது தெரியவில்லை. இப்போது நினைக்கிறேன், தெரிந்துகொள்ள அவர்களுக்கு மனம் இல்லை.

அம்மா குசினியில் இருந்து அகப்பையோடு வந்தாள். "எனக்குத் தோணியும் வேணாம் ஒண்டும் வேணாம். கூலிக்குப் போய்த் திண்ணுவம்."

"உனக்கு வளவு இரிக்கி, நீ கதைப்பாய் அக்கா. இவருக்கு என்ன இரிக்கி?" என்றார் மாமா. அப்பாவின் பக்கம் திரும்பி, "பொஞ்சாதிர வளவுக்க நடக்க உனக்குப் பயமா மச்சான்?"

அதற்குப் பிறகு அப்பாவை யாரும் தடுத்திருக்க முடியாது. சாரத்தை மடித்துக் கட்டினார். வண்டியின் சில்லுத் தடம் இரண்டுக்கும் இடையே ஒரு சாண் அகலம்தான். தடத்தை விட்டு விலகாமல் நடக்கப் பழகவேண்டும் என்று, கிணற்றடி மணலில் வண்டியை ஓட்டி, அதன் மேல் அவரை நடக்கவைத்தார் மாமா. அப்பா கைகளை விரித்துக்கொண்டு, காலுக்கு முன் கால் வைத்து, ஒவ்வொரு அடியாக நடந்தார். மீன்காரர்களின் பாதம் அகலம். ஒவ்வொரு அடியும் தடத்துக்கு வெளியே ஒரு விரல் தள்ளி இருந்தது.

"கிட்ட வை, கிட்ட வை! பொம்பிளை பாக்க வந்த மாதிரி நடக்கான்" என்றார் மாமா.

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

வயர்களை முறுக்கி இணைத்து, பிளாஸ்திரி சுற்றி, புதுப் பட்டரிகளை அப்பாவே கறுப்புப் பெட்டிக்குள் போட்டு மூடிக் கொடுத்தார். அக்கா நாடாவுக்கு இந்தப் பக்கம் குந்தினாள். நான் பக்கத்தில் குந்தி வயரை விட்டுக்கொண்டிருந்தேன். அம்மா கிணற்றுக் கட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள்.

வண்டி நாடாவுக்குக் கீழே நுழைந்து போனது. நீள வயரில் மோட்டாரின் சத்தம் மெலிந்திருந்தது. அடம்பன் கொடி ஒன்றில் ஏறி இறங்கியது. ஒரு பழைய போத்தலைச் சுற்றித் திரும்பியது. "கிறுகுது பார், கிறுகுது!" என்றார் மாமா. எல்லோரும் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயர் சிக்காமல் பார்க்கவேண்டியிருந்ததால் நான் அக்காவின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விசையை அழுத்தும்போது அவளுடைய பெருவிரல் நகங்கள் வெளுத்திருக்கும். வண்டி பாதித் தூரம் போயிருக்கும், வெறும் மணல், சில்லில் சிக்க அங்கே ஒன்றும் இல்லை. நகங்களின் வெளுப்பு மெல்லப் போய் இளஞ்சிவப்பு திரும்பியது. விரல்கள் விசையின் மேலேயே கிடந்தன. வண்டி நின்றது.

"என்ன, நிண்டிட்டு?"

"பட்டரி முடிஞ்சிட்டு மாமா."

"புதுசுகா!"

"வயர் நீளம். இவ்வளவு வயரும் குடிக்குதே."

"இஞ்ச கொண்டா" என்று மாமா கையை நீட்டினார். அவருக்கு முன்னால் அப்பா குனிந்து அவளிடமிருந்து பெட்டியை வாங்கினார். விசைகளின் மேல் இரண்டு பெருவிரலையும் வைத்தார். அவருடைய விரல்கள் பெரியவை. விசை தெரியாமல் மூடிக்கொண்டன. வண்டியைப் பார்த்தார். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. "ஓம். செத்திட்டு" என்றார்.

மாமா வயரைப் பிடித்து வண்டியை இழுத்துப் பார்த்தார். முறுக்கிய இடத்தில் அறுந்து, வெறும் நுனி மணலில் ஊர்ந்து வந்தது. பாதித் தடத்தை நம்பி யாரும் நடக்க முடியாது. அதை மாமாவே சொன்னார்.

முன்பின்னாகச் சொல்வது எனக்குப் பிடிக்காது. இந்த இடத்தில் மட்டும் அடுத்த இரண்டு வருஷத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா அடுத்தவர் தோணியில் கூலிக்குப் போனார். அவர் வாயில் இருந்து "என்ர" என்ற சொல் பிறகு வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. 2009 இல் சண்டை எல்லா இடத்திலும் முடிந்தது. அதன் பிறகுதான் களப்பு ஓரத்தைச் சுத்தம் செய்ய வந்தார்கள். என்ன எடுத்தார்கள் என்று கேட்டோம். "இனிப் போகலாம்" என்று மட்டும் சொன்னார்கள். ஏதாவது இருந்ததா, ஒன்றுமே இல்லையா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அக்கா அந்தக் கேள்வியைப் பிறகு யாரிடமும் கேட்கவில்லை. தோணியைப் புரட்டியபோது மேல் விளிம்பு மட்டும் கையோடு வந்தது, அடிப்பலகை மண்ணாகிவிட்டது. வண்டியின் சில்லுகள் வெயிலில் வெடித்துக் கிடந்தன. அதை யார் எடுத்து எங்கே போட்டார்கள் என்று குறித்துவைக்கத் தவறிவிட்டேன்.

வண்டி நின்ற அந்த நாளின் மாலைக்கு வருகிறேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். மாமா கிணற்றடியில் குளித்துவிட்டு, இன்னும் நீளமான கயிறு கிடைக்குமா, தகரத்தில் படகு மாதிரிச் செய்து இழுக்கலாமா என்று தனக்குத்தானே கதைத்துக்கொண்டிருந்தார். அக்கா கொட்டிலின் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். அப்பா கறுப்புப் பெட்டியைத் திறந்து, நாலு பட்டரியையும் எடுத்து, சாரத்தில் துடைத்துத் தன்னுடைய பழைய ரேடியோவில் போட்டார். முகாமில் இருந்து வந்த பிறகு அது பாடியதில்லை. திருகினார். பாட்டு வந்தது. உரத்து, தெளிவாக, கொட்டில் நிறைய வந்தது.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை.

தலை துவட்டிக்கொண்டே மாமா வாசலில் வந்து நின்றார்.

"என்ன மச்சான், பட்டரி செத்திட்டு எண்டாய். ரேடியோ இந்தப் பாட்டுப் பாடுது?"

அம்மாவின் அகப்பை நின்றது.

"ரேடியோவுக்கு இது காணும் மச்சான்" என்றார் அப்பா. "வண்டிக்குத்தான் காணாது."

மாமா கொஞ்சம் யோசித்தார். டோர்ச்சுக்கு ஆகாத பட்டரி ரேடியோவில் இன்னும் ஒரு வாரம் பாடும் என்பது பட்டரிப் பஞ்சத்தில் வளர்ந்த எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். "அது சரிதான்" என்று சொல்லிவிட்டுத் துவாயைக் கொடியில் போடப் போனார்.

அப்பா பாட்டின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு நகர்ந்து, பாயில் தனக்குப் பக்கத்தில் இடம் விட்டு, "மகள், சாப்பிட வா" என்று அக்காவைக் கூப்பிட்டார்.